மறுவாழ்வு பெற்றவர்கள்

மாநகராட்சியிலிருந்து அன்பரசு கொண்டுவந்து கொடுத்த நான்கு சுவரொட்டிகளையும் ஜஹானாரா சமையலறை மேடைமேல் விரித்து, மூலைகள் சுருண்டுகொள்ளாமல் இருக்க டம்ளர்களைக் கவிழ்த்து வைத்தாள். அடுப்பில் மைதாப் பசை கொதித்துக்கொண்டிருந்தது. அன்பரசு வண்டியை அணைக்காமல் வாசலிலேயே நின்று, செய்ய வேண்டியதைச் சொன்னான்.

"கூடத்துல ஒண்ணு, சமையக்கட்டுல ஒண்ணு, வாசல்ல ஒண்ணுங்க மேடம். நாலாவது கட்டாயம் பாத்ரூம் கதவுக்கு உள்பக்கம். இனிமே எல்லாக் காப்பகத்துலயும் இது இருந்தே ஆகணும்னு ஆர்டர். அஞ்சு மணிக்குள்ள போட்டோ எடுத்து குரூப்புல போட்டுருங்க."

"பாத்ரூம்ல எதுக்குப்பா?"

"அங்கதானுங்க மேடம் ஆளு தனியா இருக்கும். பக்கத்துல நின்னுக்கிட்டு யாரும் பாக்கமாட்டாங்கல்ல."

சூரமங்கலத்தில் ரயில்வே குடியிருப்புகளுக்குப் பின்னால், முன்பு மாநகராட்சிப் பள்ளியாக இருந்த கட்டடத்தில்தான் அந்தக் காப்பகம் நடந்தது. வீடில்லாத பெண்களுக்கானது. முப்பது பேர் தங்கலாம். அன்று பத்தொன்பது பேர் இருந்தார்கள். ஒரு அறக்கட்டளை அதை ஏற்று நடத்தியது. ஜஹானாரா ஆறு வருடங்களாக அங்கே பொறுப்பாளர். கணவர் இறந்த பிறகு கிடைத்த முதல் வேலை அது. ஜங்ஷன் பிளாட்பாரத்தில் படுத்திருப்பவர்களை ரயில்வே போலீஸ் கூட்டிவந்து விடுவார்கள். சிலர் தாங்களாகவே கேட்டைத் தட்டுவார்கள். குளிக்க வெந்நீர் வைத்துக் கொடுத்து, பேன் பார்த்து, பழைய சேலை ஒன்றை எடுத்துக் கொடுத்த பிறகுதான் அவள் அவர்களிடம் பெயர் கேட்பாள். அந்த வரிசையை யாரும் அவளுக்குச் சொல்லித் தரவில்லை.

கூடத்துச் சுவரில் ஒட்டி முடித்து, துணியால் நீவிவிட்டுக்கொண்டிருந்தபோது பின்னால் குப்பாயி வந்து நின்றாள். வாழப்பாடிப் பக்கத்து ஜவ்வரிசி ஆலைகளில் முப்பது வருடம் ஈரத்தில் நின்று முழங்கால் தேய்ந்துபோனவள். மகன் ஆஸ்பத்திரிக்கு என்று கூட்டிவந்து ஜங்ஷனில் உட்காரவைத்துவிட்டுப் போனான். இரண்டு வருடமாக இங்கேதான் இருக்கிறாள்.

"என்னா பாயம்மா எழுதியிருக்குது? அந்தப் பொம்பள படத்துக்கு வாயில கை வச்சாப்ல இருக்குதே?"

"எல்லாரும் வாங்க. படிக்கறேன்" என்றாள் ஜஹானாரா. ஏழெட்டுப் பேர் வந்து கூடினார்கள். கயல்விழி நான்கு வயது மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு தூணோரம் நின்றாள். ஜஹானாரா பள்ளிக்கூடத்து டீச்சர் போலக் குரலை உயர்த்திப் படிக்க ஆரம்பித்தாள்.

"உங்களை வேலைக்கு அழைத்துப்போகிறவர், போகும் இடத்தின் பெயரையும் முகவரியையும் சொன்னாரா? உங்கள் ஆதார் அட்டையை வேறு யாராவது வாங்கி வைத்திருக்கிறார்களா? நினைத்தபோது உங்களால் வெளியே போய்வர முடிகிறதா? நீங்கள் போனில் பேசும்போது பக்கத்தில் யாராவது நின்று கேட்கிறார்களா?"

நான்காவது வரியில் அவளுடைய குரல் இறங்கியது. படித்த வரியையே கண் திரும்பவும் படித்தது. பக்கத்தில் யாராவது நின்று கேட்கிறார்களா.

"ஏன் நிறுத்திட்ட? இன்னும் எழுத்து கெடக்குதே" என்றாள் குப்பாயி.

"இப்படி இருந்தால் நீங்கள் ஆள்கடத்தலுக்கு ஆளாகியிருக்கலாம். கீழே உள்ள எண்ணை எந்த நேரத்திலும் அழையுங்கள். பெயரைச் சொல்ல வேண்டியதில்லை."

"ஆளக் கடத்தறதுன்னா மூஞ்சில துணியக் கட்டித் தூக்கிட்டுப் போறதுன்னுல்ல நெனச்சேன்" என்றாள் ஒருத்தி. யாரோ சிரித்தார்கள். குப்பாயி சிரிக்கவில்லை. "இன்னொருவாட்டி சொல்லு பாயம்மா. எனக்கு எழுத்து தெரியாது. மனசுல போட்டுக்கறேன்" என்றாள். ஜஹானாரா இரண்டாம் முறை படித்தாள். மூன்றாம் முறையும் படிக்கச் சொன்னபோது, அடுப்பில் பசை தீய்கிறது என்று சொல்லி உள்ளே போய்விட்டாள்.

வெண்ணிலாவை அவள்தான் அனுப்பியிருந்தாள்.

ஐந்து மாதம் ஆகியிருந்தது. வெண்ணிலாவுக்கு இருபத்துமூன்று வயது. அப்பா அம்மா இல்லை, கட்டிக்கொண்டவன் அடித்து விரட்டியிருந்தான். காப்பகத்துக்கு வந்த முதல் வாரம் முழுக்க எதுவும் பேசாமல், எல்லோருடைய தட்டுகளையும் தானே வாங்கிக் கழுவிவைத்தாள். வேண்டாம் என்று சொன்னாலும் கேட்கமாட்டாள். பல்லி என்றால் அவளுக்கு அப்படி ஒரு பயம். டியூப்லைட்டுக்குக் கீழே பாய் போடவே மாட்டாள். அவளைச் சிரிக்கவைக்க ஜஹானாராவுக்கு ஒரு மாதம் பிடித்தது.

அறக்கட்டளைக்கு மாதாமாதம் ஒரு படிவம் அனுப்ப வேண்டும். அதில் கடைசிக் கட்டத்தின் தலைப்பு 'மறுவாழ்வு பெற்றவர்கள்'. வேலையில் சேர்ந்தவர்கள், குடும்பத்தோடு சேர்ந்தவர்கள் எத்தனை பேர் என்று எழுத வேண்டும். ஜஹானாராவின் கட்டத்தில் பெரும்பாலும் பூஜ்ஜியம்தான் இருக்கும். ஒவ்வொரு கூட்டத்திலும் செயலாளர் அந்தப் பூஜ்ஜியத்தைப் பேனாவால் தட்டிக்காட்டுவார். சோறு போட்டுத் தூங்கவைப்பதற்கு மட்டுமா இத்தனை செலவு என்று கேட்பார். அந்தச் சமயத்தில்தான் மணியன் வந்தான். திருச்செங்கோட்டுப் பக்கம். நாற்பது வயதிருக்கும். செருப்பை வாசலிலேயே கழற்றி விட்டுவிட்டு, நெற்றியில் சந்தனக் கீற்றோடு, கையைக் கட்டிக்கொண்டு நின்றான். நாமக்கல் பக்கம் தனக்குத் தெரிந்த கோழிப்பண்ணையில் முட்டை பொறுக்க ஆள் வேண்டும், தங்க ரூம் உண்டு, சாப்பாடு உண்டு, பெண்டு பிள்ளைகளுக்குப் பத்திரமான இடம் என்றான். காப்பகத்துக் குழந்தைகளோடு தரையில் உட்கார்ந்து விளையாடினான். நோன்பு ஆரம்பித்தபோது பேரீச்சம்பழ டப்பா ஒன்றைக் கொண்டுவந்து, "நீங்க நோன்பு புடிக்கறீங்கன்னு சொன்னாங்க அக்கா" என்று கொடுத்தான். அவள் வாங்கிக்கொண்டாள். அந்தப் பழத்தை வைத்துத்தான் அந்த வருடம் முதல் வாரம் முழுக்க நோன்பு திறந்தாள்.

வெண்ணிலாவிடம் சொன்னபோது அவள் வேலையைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. "நீங்க போகச் சொன்னாப் போறேங்க்கா" என்றாள். ஜஹானாரா போகச் சொன்னாள். பேங்க் கணக்கு ஆரம்பிக்க வேண்டும் என்று மணியன் கேட்க, பீரோவிலிருந்த ஆதார் அட்டையைத் தன் கையாலேயே எடுத்து அவனிடம் கொடுத்தாள். வெளியேறுவோர் பதிவேட்டில் தேதி, நேரம், வண்டி நம்பர் எழுதிக் கையெழுத்துப் போட்டாள். அந்த மாதப் படிவத்தின் கடைசிக் கட்டத்தில் 'ஒன்று' என்று எழுதினாள். கூட்டத்தில் செயலாளர் அவளுக்குச் சால்வை போட்டார்.

வெண்ணிலா இரண்டு முறை போன் செய்தாள். நல்லாருக்கேன், நல்லாச் சாப்படறேன், வெச்சுர்றேன். மூன்று வாக்கியம்தான். இரண்டாவது முறை பேசும்போது நடுவில் ஆண்குரல் ஒன்று எதையோ சொன்னது. டிவியாக இருக்கும் என்று ஜஹானாரா நினைத்துக்கொண்டாள். அதற்குப் பிறகு போனே இல்லை. வேலை பழகிவிட்டது, நம்மை மறந்துவிட்டாள், நல்லதுதான் என்று ஒருநாள் மகள் அஃபீபாவிடம்கூடச் சொன்னாள்.

சமையலறையில் நின்றபடியே அவள் வெண்ணிலாவின் எண்ணை அழைத்தாள். அணைத்துவைக்கப்பட்டிருந்தது. மறுபடி அழைத்தாள். பிறகு மணியனை அழைத்தாள். முதல் மணியிலேயே எடுத்தான்.

"சொல்லுங்க்கா. நானே கூப்படலாம்னு இருந்தேனுங்க. கயல்விழியக் கூட்டிட்டுப் போக நாளைக்குப் பதினோரு மணிக்கு வாரேன்."

"வெண்ணிலாகிட்ட பேசணும் தம்பி."

"நல்லாருக்குதுங்க்கா அந்தப் புள்ள. போனு தண்ணித் தொட்டில உழுந்துருச்சு. பண்ணைக்குள்ள டவரும் கெடைக்காது."

"பண்ணை பேரு என்ன? எந்த ஊரு?"

எதிர்முனையில் லாரி ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டு கடந்துபோனது. அதற்கப்புறம்தான் அவன் பேசினான்.

"ஏனுங்க்கா, அஞ்சு மாசமா கேக்காததை இப்பப் போயிக் கேக்கறீங்க?"

"சும்மாதான். படிவத்துல எழுதணும்."

"நாளைக்கு நேர்ல வாரேனுங்க்கா. பேசிக்கலாம்."

குரலில் மரியாதை துளியும் குறையவில்லை. அதுதான் அவளை அதிகமாக உலுக்கியது.

நான்காவது சுவரொட்டியைக் குளியலறைக் கதவில் ஒட்டினாள். போட்டோ எடுத்து அனுப்பினாள். கதவைத் தாழிட்டுக்கொண்டு அதன் எதிரே, கவிழ்த்துப்போட்ட வாளிமேல் உட்கார்ந்தாள். ஆள் தனியாக இருக்கும் இடம் என்று அன்பரசு சொன்னது சரிதான். ஆனால் இதை ஒட்டியவளே இப்படி உட்கார்ந்திருப்பாள் என்று யார் நினைத்திருப்பார்கள்? அழைத்தால் என்ன கேட்பார்கள்? அனுப்பியது யார்? கார்டைக் கொடுத்தது யார்? கையெழுத்து யாருடையது? வேலை போகும், போலீஸ் வரும், பேப்பரில் பெயர் வரும். காப்பகத்துப் பெண்ணை விற்றவள் என்று தெருவே பேசும். அவள் யாரையும் விற்கவில்லை. ஆனால் பேரீச்சம்பழ டப்பா? தன்னையறியாமல் அவளுடைய நகம் தாளின் கீழ் மூலையைச் சுரண்டிக்கொண்டிருந்தது. பசை இன்னும் காயவில்லை. எண் அச்சிட்டிருந்த பக்கம் அரை விரல் நீளத்துக்கு எழும்பி வந்தது. வெளியே யாரோ கதவைத் தட்டினார்கள். "ஆச்சா மேடம்?" அவள் திடுக்கிட்டு, தாளைக் கட்டைவிரலால் அழுத்தி ஒட்டிவிட்டு வெளியே வந்தாள்.

மறுநாள் விடியற்காலை சுபுஹு தொழுகைக்குப் பிறகு நெடுநேரம் முசல்லா விரிப்பிலேயே உட்கார்ந்திருந்தாள். என்ன கேட்பது என்று தெரியவில்லை. அஃபீபா பச்சைப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, "என்னம்மா, உடம்பு சரியில்லயா?" என்று நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிட்டுக் கல்லூரிக்குக் கிளம்பினாள். லேப் டெக்னீசியன் படிப்பு, இரண்டாம் வருடம். ஒன்றுமில்லை என்று ஜஹானாரா தலையாட்டினாள்.

காப்பகத்தில் கயல்விழி துணிமணிகளைக் கட்டித் தயாராக வைத்திருந்தாள். மகளுக்கு இரட்டைச் சடை போட்டுப் பூ வைத்திருந்தாள். பண்ணையில் கோழி எத்தனை இருக்கும் என்று குழந்தை கேட்டுக்கொண்டே இருந்தது.

"கயலு, இன்னைக்குப் போக வேண்டாம்."

"ஏன் மேடம்?"

"விசாரிக்கணும். ஒரு வாரம் பொறு."

கயல்விழியின் முகம் சுருங்கியது. "நீங்கதான நல்ல எடம்னு சொன்னீங்க? ஒரு வாரம் கழிச்சு வேற ஆளச் சேத்துக்குவாங்க. கதவு வச்ச ரூமு ஒண்ணு மேடம். புள்ளையப் போட்டுக்கிட்டு உள்ள தாப்பா போட்டுத் தூங்கணும். அவ்வளவுதான் நான் கேக்கறது. உங்களுக்கு என்ன, சாயங்காலம் ஆனா ஊட்டுக்குப் போயிருவீங்க."

பதில் சொல்வதற்குள் வாசலில் வண்டி வந்து நின்றது. வெண்ணிலாவைக் கூட்டிப்போன அதே வெள்ளை வேன்.

மணியன் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தான். உள்ளே வந்தவன் கூடத்துச் சுவரைப் பார்த்ததும் நின்றான். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, கோயிலில் கல்வெட்டு படிப்பவன் மாதிரி முதல் வரியிலிருந்து கடைசிவரை நிதானமாகப் படித்தான். படித்து முடித்ததும் திரும்பிச் சிரித்தான்.

"நல்லதுதானுங்க்கா. இந்தக் காலத்துல யாரை நம்பறது? கவர்மென்ட்டு செய்யறது சரிதான்." கயல்விழியின் மூட்டையைக் கையில் எடுத்தான். "போலாங்களா?"

"இன்னைக்கு அனுப்ப முடியாது தம்பி. குழந்தைக்குக் காய்ச்சல்."

"காய்ச்சலெல்லாம் ஒண்ணுமில்ல" என்றாள் கயல்விழி.

மணியன் குழந்தையின் கன்னத்தைப் புறங்கையால் தொட்டுப் பார்த்தான். "ஜில்லுன்னு இருக்குதே சாமி" என்றான். பிறகு ஜஹானாராவின் மேஜைக்கு அருகே வந்து, மற்றவர்களுக்குக் கேட்காதபடி குரலைத் தாழ்த்தினான்.

"நம்ம அஃபீபா பாப்பா எப்புடி இருக்குதுங்க்கா? எட்டேகாலுக்கு அஞ்சு ரோட்டுல பஸ்ஸுக்கு நிக்கறதைப் பாத்தேன். மூணு நாளா பாக்கறேன். பச்சைப் பேக்கு. தனியாத்தான் நிக்குது, பாவம்."

ஜஹானாராவின் கைகள் மேஜைமேல் கிடந்தன. அவை யாருடையவோ போல இருந்தன. மகளின் பெயரை அவள் அவனிடம் சொன்னதே இல்லை. மூன்று நாளாக என்றால், அவள் நேற்று போன் செய்வதற்கு முன்பிருந்தே. அப்படியானால் இவன் எப்போதுமே இப்படித்தான் இருந்திருக்கிறான். பேரீச்சம்பழம் கொடுத்தபோதும்.

"அந்த ரிஜிஸ்டர்ல நீங்கதானுங்க கையெழுத்துப் போட்டு அனுப்பிச்சீங்க" என்றான் அவன், அதே தாழ்ந்த குரலில். "நான் வெறும் டிரைவருங்க்கா."

அவள் வாயைத் திறந்தாள். போ என்று கயல்விழியிடம் சொல்லிவிடத் தோன்றியது. அந்த ஒரு சொல் போதும், இவன் போய்விடுவான், அஃபீபா சாயங்காலம் வீட்டுக்கு வந்துவிடுவாள். சொல்லியும்கூட இருப்பாள்.

"ஏம்ப்பா" என்றொரு குரல் வந்தது. கூடத்து வாசற்படியில் குப்பாயி குறுக்கே உட்கார்ந்திருந்தாள். நீட்ட முடிந்த ஒரு காலை நீட்டியிருந்தாள். "எந்த ஊருக்குக் கூட்டிட்டுப் போற இந்தப் புள்ளைய? ஊரு பேரைச் சொல்லு."

மணியன் சிரித்தான். "நாமக்கல் பக்கமுங்க ஆத்தா."

"பக்கம்னா எந்தப் பக்கம்? ஊருக்குப் பேரு இருக்குமில்ல? அவ கார்டு யாருகிட்ட இருக்கும்? உங்கிட்டயா, அவகிட்டயா?"

"ஆத்தாளுக்கு என்ன, புத்தி கித்தி..."

"நெனச்சா வெளிய வரலாமா? போன் பேசுனா பக்கத்துல எவன் நிப்பான்? அந்த வெண்ணிலாப் புள்ள பேசறப்ப எவன் நின்னான்?" சுவரொட்டியின் நான்கு வரிகளையும் அவள் தன் சொற்களில், ஒன்றுவிடாமல், சத்தமாகக் கேட்டாள். ஒவ்வொரு கேள்விக்கும் பதிலுக்காக நிறுத்தினாள். பாய்களில் படுத்திருந்தவர்கள் எழுந்து உட்கார்ந்தார்கள். சமையல்காரி கரண்டியோடு வந்து நின்றாள். கயல்விழி மணியனின் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். கடைசிக் கேள்விக்கும் அவன் பதில் சொல்லவில்லை. கயல்விழி இரண்டடி எடுத்துவைத்து, அவன் கையிலிருந்த தன் மூட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டாள்.

அவன் யாரையும் திட்டவில்லை. குப்பாயியின் காலை மிதிக்காமல் கவனமாகத் தாண்டி, செருப்பை மாட்டிக்கொண்டு, "நாளைக்கு வாரேனுங்க்கா" என்று ஜஹானாராவைப் பார்த்துச் சொல்லிவிட்டுப் போனான்.

வண்டிச் சத்தம் ஓய்ந்தது. ஜஹானாரா முதலில் மகளை அழைத்தாள். கல்லூரி கேட்டை விட்டு வெளியே வராதே, பஸ்ஸில் ஏறாதே, செவ்வாய்ப்பேட்டையிலிருந்து கலீலுல்லா மாமா நேராக வந்து கூட்டிப்போவார், மாமா வீட்டிலேயே இரு, காரணம் கேட்காதே என்றாள். அஃபீபா காரணம் கேட்டாள். ஜஹானாரா அழுதுவிட்டாள்.

போனை வைத்துவிட்டு நிமிர்ந்தபோது எதிரே கயல்விழி நின்றாள்.

"அந்தப் புள்ளைய நீங்களா அனுப்பிச்சீங்க மேடம்?"

"நான்தான்."

"விசாரிக்காமயா?"

"விசாரிக்காமதான்."

கயல்விழி மகளைத் தூக்கிக்கொண்டு கூடத்தின் கடைசி மூலைக்குப் போய்ச் சுவரைப் பார்த்து உட்கார்ந்துகொண்டாள். அறைந்திருந்தால் தேவலை என்று ஜஹானாராவுக்குத் தோன்றியது.

அவள் கூடத்தில், எல்லோர் எதிரிலும் நின்று, சுவரைப் பார்த்து எண்களை அழுத்தினாள். ஒரு பெண்குரல் எடுத்தது. சின்ன வயதுக் குரல்.

"சொல்லுங்கம்மா. உங்க பேரைச் சொல்ல விருப்பமில்லன்னா சொல்ல வேண்டாம்."

அந்த வாக்கியத்தைக் கேட்டதும் அவளுக்குள் ஏதோ ஒன்று அவசரமாக அதைப் பற்றிக்கொண்டது. சொல்ல வேண்டாம். யாரோ ஒருத்தி என்று சொல்லிவிடலாம். ஆனால் வண்டி நம்பரை எங்கே பார்த்தாய் என்று கேட்பார்கள். பதிவேட்டில். பதிவேடு யாருடையது? யோசித்துப் பார்த்தால், வெண்ணிலா எங்கே போனாள் என்பதற்கு இந்த உலகத்தில் இருக்கும் ஒரே தடயம் தன் கையெழுத்துதான் என்று அவளுக்குப் புரிந்தது.

"என் பேரு ஜஹானாரா" என்றாள். "சூரமங்கலம் பெண்கள் காப்பகத்தோட பொறுப்பாளர். அஞ்சு மாசத்துக்கு முன்னாடி நான் ஒரு பொண்ணை அனுப்பிவச்சேன்." பதிவேட்டைத் திறந்து, வண்டி நம்பரை ஒவ்வொரு எழுத்தாகப் படித்தாள்.

மூன்றாம் நாள் காலையில் ஜீப் வந்தது. சமூகநலத் துறையிலிருந்து அறிவுச்செல்வி என்ற அதிகாரியும், இரண்டு பெண் போலீஸாரும், வருவாய்த் துறை ஆட்கள் இருவரும் இருந்தார்கள். பெண்ணை அடையாளம் காட்ட ஜஹானாரா வேண்டும் என்றார்கள். அந்த மூன்று நாளில் மணியன் வரவில்லை. அவனுடைய போன் அணைந்திருந்தது. அஃபீபா மாமா வீட்டில்தான் இருந்தாள். ஆனாலும் ஜங்ஷன் பக்கம் எந்த வெள்ளை வேனைப் பார்த்தாலும் ஜஹானாராவின் கண் அதன் நம்பரைத் தேடியது.

ஜீப்பில் அறிவுச்செல்வி அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். நாமக்கல்லைத் தாண்டும்வரை கோப்புகளையே பார்த்துக்கொண்டு வந்தவர், பிறகு சொன்னார்.

"வண்டி ஒரு கோழிப்பண்ணை பேர்ல இருக்கு. அங்கதான் போறோம். உங்க வாக்குமூலத்துல எதையும் மறைக்காதீங்கம்மா. மறைச்சா எங்களுக்கும் கஷ்டம், அந்தப் பொண்ணுக்கும் கஷ்டம்."

"எனக்கு என்ன ஆகும்ங்க மேடம்?"

"அது இப்ப என்னால சொல்ல முடியாது" என்றார் அறிவுச்செல்வி. கொஞ்சம் பொறுத்து, "பொய் சொல்லி உங்களுக்குத் தைரியம் குடுக்க விரும்பல" என்றார்.

பெயர்ப்பலகை இல்லாத மண் ரோட்டில் ஜீப் திரும்பியது. சோளக்காடு முடிந்த இடத்தில் ஆள் உயரத்துக்கு மேல் தகரவேலி. கேட்டில் 'நோய்த்தடுப்பு: அந்நியர் உள்ளே வரக்கூடாது' என்று எழுதியிருந்தது. காவலாளி திறக்க மறுத்தான். கோழிகளுக்குச் சீக்கு வந்துவிடும், முதலாளி வரட்டும் என்றான். போலீஸ்காரி கீழே இறங்கிப் பேசிய பிறகு திறந்தான். சக்கரங்கள் மருந்துத் தண்ணீர் நிரம்பிய பள்ளத்தில் இறங்கி ஏறின. உள்ளே போனதும் எச்சத்தின் காரநெடி கண்ணைக் கரித்தது. நீளநீளமான கொட்டகைகள். ஆயிரக்கணக்கான கோழிகள் ஒரே நேரத்தில் கொக்கரிக்கும் ஓசை, மழை பெய்வது போல விடாமல் வந்துகொண்டிருந்தது. இங்கே ஒருத்தி கத்தினால் யாருக்குக் கேட்கும் என்று ஜஹானாரா நினைத்தாள். நினைத்த பிறகு அந்த நினைப்பிலிருந்து வெளியே வர முடியவில்லை.

தீவனக் கிடங்குக்குப் பின்னால் ஓர் அறை இருந்தது. கதவுக்கு வெளிப்புறத்தில்தான் தாழ்ப்பாள். உள்ளே ஐந்து பாய்கள் விரித்துக் கிடந்தன. ஜார்க்கண்டிலிருந்து வந்த ஒரு குடும்பம் இருந்தது. தமிழ் தெரியாமல் போலீஸைப் பார்த்து அழுதார்கள். வெண்ணிலா அங்கே இல்லை. மேனேஜர் என்று சொல்லிக்கொண்டவன், அப்படி யாரும் இல்லவே இல்லை என்று இரண்டு முறை சொன்னான். ஜஹானாரா கிடங்கைச் சுற்றி நடந்தாள். அப்போதுதான் கடைசிக் கொட்டகையின் வாசலைப் பார்த்தாள்.

நோய்த்தடுப்புக்காக வாசலுக்குக் குறுக்கே அகலமாகச் சுண்ணாம்புத் தூள் கொட்டியிருந்தது. அதற்கு உள்பக்கம், முகத்தில் துணி கட்டிய ஒரு பெண் முப்பது முட்டை கொண்ட அட்டையை இரண்டு கைகளிலும் ஏந்திக்கொண்டு நின்றாள். தலைமுடியைக் காதுவரை வெட்டியிருந்தார்கள். தோள்கள் கூம்பிக் கிடந்தன. அந்தக் கண்களைப் பார்த்த பிறகுதான் ஜஹானாராவுக்குத் தெரிந்தது.

"வெண்ணிலா!"

அவள் ஓடினாள். அறிவுச்செல்வியும் பின்னால் வந்தார். வெண்ணிலா ஓர் அடி பின்னால் வைத்தாள். ஜஹானாரா நின்றுவிட்டாள். வெண்ணிலா அவளைப் பார்க்கவில்லை. அவளுடைய தோளுக்குப் பின்னால் யாரையோ தேடினாள். ஜீப்பை, போலீஸாரை, திறந்திருந்த கேட்டை மாறிமாறிப் பார்த்தாள். துணிக்குள்ளிருந்து மெதுவாகக் குரல் வந்தது.

"இப்ப யாரைக்கா கூட்டியாந்துருக்கீங்க?"

யாரையும் இல்லை, உன்னைக் கூட்டிப்போகத்தான் வந்தேன் என்று சொல்ல வேண்டும். அதை நம்பும்படி சொல்வதற்குத் தன்னிடம் எந்தச் சொல்லும் மிச்சமில்லை என்று ஜஹானாராவுக்குத் தோன்றியது. கையை மட்டும் நீட்டினாள்.

"வாம்மா" என்றார் அறிவுச்செல்வி பக்கத்திலிருந்து. "வெளிய வரலாம். யாரும் ஒண்ணும் சொல்லமாட்டாங்க. அதைக் கீழ வச்சுட்டு வா."

வெண்ணிலா மேனேஜரைப் பார்த்தாள். அவன் வேறு பக்கம் திரும்பிக்கொண்டான். கைகளிலிருந்த அட்டையைப் பார்த்தாள். எங்கே வைப்பது என்று தெரியாதவள் போல இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திரும்பினாள். அட்டைக் குழிகளில் முட்டைகள் ஒன்றோடொன்று தட்டிக்கொள்ளும் மெல்லிய சத்தம் கேட்டது. ஒன்றுகூட உடைந்துவிடக் கூடாது என்பதுபோல அட்டையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, ஒரு காலை மட்டும் எடுத்து, வெள்ளைத் தூளுக்கு மேலே, கீழே ஊன்றாமல் வைத்திருந்தாள்.